குடும்பத்துக்கு உறைபெட்டி இலாபமா, நட்டமா?

விளைபொருளை வீணாகாமற் காத்துக்கொள்வது, அதை விளைவிப்பதற்கு ஒப்பான தொழிலாகும். வைகாசி, ஆனி மாதங்களிற் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மரத்தின் கீழ் உதிர்ந்து கிடக்கும். பலாமரம் ஒரே நேரத்திற் பத்துக் காய்களைத் தரும். மீன் பெருகிய நாளிற் கரையில் விலை விழும். வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், வடக்கு, கிழக்குக் கரைகளில் அதே மீனுக்கு விலை ஏறும். மலிந்த நாளில் வைத்துக் கொண்டு அரிதான நாளில் உண்ணலாம் என்னும் எண்ணத்தினால், கடைகளில் டீப் பிறீசர் என விற்கப்படும் உறைபெட்டியை வாங்கப் பல குடும்பங்கள் இன்று விரும்புகின்றன.

இவ்விருப்பம் நியாயமானதே. ஆயினும், உறைபெட்டி ஒரு முறை பணம் கொடுத்து வாங்கியதும் செலவு முடிந்துவிடும் பொருளன்று. அது இரவும் பகலும் மின்சாரத்தை உண்ணும். அதனுள் பண்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்பட்டியல் வந்துகொண்டேயிருக்கும். வேலையில்லாத வீட்டில் யானை கட்டித் தீனி போடுவதைப் போன்றதாக அது முடியவுங்கூடும். தவணை முறையில் அல்லது நகையை அடகு வைத்து வாங்கும் குடும்பத்துக்கு இந்த ஆபத்து மேலும் பெரிது. ஆகவே, வாங்குவதற்கு முன் கணக்குப் பார்த்தல் வேண்டும். அக்கணக்கைப் பார்க்கும் முறையும், வாங்கியவர்கள் பெட்டியைப் பயன்படுத்த வேண்டிய முறையும் இப்பிரசுரத்திற் கூறப்படுகின்றன.

உறைபெட்டி செய்வது என்ன?

சாதாரண குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுகளில் வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை செல்சியசு ஆகும். அங்கு பண்டம் பழுதாவது தாமதப்படுமேயன்றி நின்றுவிடாது. மீன் ஓரிரு நாட்களே தாங்கும். உறைபெட்டியில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகையாக இருத்தல் வேண்டும். அந்நிலையில் பண்டத்தைப் பழுதாக்கும் பற்றீரியா முதலிய நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. உறைதல் நுண்ணுயிர்களை முற்றாகக் கொல்வதில்லை. அவற்றைத் தூங்க வைக்கின்றது. பண்டம் உருகியதும் அவை மீண்டும் பெருகத் தொடங்கும். எனவே, பழுதான பண்டத்தை உறைபெட்டி நல்ல பண்டமாக மாற்றாது. உள்ளே எத்தகைய பண்டம் வைக்கப்பட்டதோ, அதிலும் சிறந்த பண்டம் ஒருபோதும் வெளியே வராது.

உறைதல் விரைவாக நடைபெறுவதும் முக்கியம். பண்டத்திலுள்ள நீர் மெதுவாக உறைந்தாற் பெரிய பனிப்பளிங்குகள் உண்டாகி, தசையையும் இலையையும் கிழித்துவிடும். உருகும்போது சாறு வடிந்து, மீன் சக்கையாகும். விரைவாக உறைந்தாற் பளிங்குகள் சிறியனவாக இருக்கும். பண்டத்தின் தன்மை கெடாது. அமெரிக்கரான கிளாறன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் 1910ஆம் ஆண்டுகளில் கனடாவின் லபிறடோர் பகுதியில் வாழ்ந்தபோது, கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்த மீன், மாதங்கள் சென்ற பின்னரும் புதிய மீனைப் போல இருப்பதைக் கண்டார். அவர் 1920ஆம் ஆண்டுகளில் அமைத்த விரைவுறைத்தல் முறையே இன்றைய உறையுணவுத் தொழிலுக்கு அடிப்படையாயிற்று.

செலவு எங்கே இருக்கின்றது?

அறை வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் மீனையோ இறைச்சியையோ உறையவைப்பதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மின்னலகு போதும். பத்துக் கிலோகிராம் பண்டத்துக்கு ஓர் அலகளவே செலவாகும். ஆனால், 200 லீற்றர் கொள்ளளவுள்ள சாதாரண உறைபெட்டி ஒன்று நமது நாட்டு வெப்பத்தில் ஒரு நாளைக்கு ஓர் அலகு அல்லது அதனிலும் சற்றுக் கூடுதலாக மின்சாரத்தைச் செலவிடும். பழைய பெட்டியும், விளிம்பு றப்பர் தேய்ந்த பெட்டியும் இதனிலும் கூடுதலாக உண்ணும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? பண்டத்தை உறையவைப்பது அற்பச் செலவு. அதை உறைந்த நிலையிற் காத்து வைத்திருப்பதே பெருஞ்செலவு. ஒரு மாதம் வைத்திருந்த மீனிலும் ஆறு மாதம் வைத்திருந்த மீன் ஆறு மடங்கு காவற்கூலியை ஏற்றுக்கொள்கின்றது. எனவே பெட்டியின் இலாபம் அதன் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கின்றது என்பதில் மாத்திரம் இல்லை. ஆண்டொன்றில் அதன் வழியாக எத்தனை கிலோகிராம் பண்டம் உள்ளே சென்று வெளியே வந்து உணவாயிற்று என்பதிலேயே தங்கியுள்ளது.

ஆண்டுச் செலவைக் கணக்கிடும் முறை

செலவை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெட்டியின் தேய்மானம். வாங்கிய விலையை அது உழைக்கும் ஆண்டுகளாற் பிரித்தல் வேண்டும். நன்றாகப் பேணினாற் பத்து ஆண்டுகள் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, மின்சாரம். பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் ஒரு நாளைக்கு அல்லது ஓராண்டுக்குச் செலவாகும் அலகுகள் குறிக்கப்பட்டிருப்பின் அதைப் பார்க்கலாம். அவ்வளவு பெரும்பாலும் 25 பாகை வெப்பமுள்ள அறையில் அளக்கப்பட்டதாதலால், நமது இடங்களுக்கு அதில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கூட்டிக்கொள்ளல் நன்று.

அலகின் விலையைக் கணிப்பதிலேயே பலர் தவறுகின்றனர். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்துள்ளது. மாதம் 80 அலகு செலவிடும் வீட்டில் உறைபெட்டி 36 அலகைக் கூட்டினால், மொத்தம் 116 அலகாகும். புதிதாகச் சேர்ந்த அலகுகள் யாவும் விலை கூடிய மேற்படிகளிலேயே விழும். மாதாந்த நிலைக்கட்டணமும் உயரும். ஆகவே, மொத்தப் பட்டியலை அலகுகளாற் பிரித்து வரும் சராசரி விலையைக் கொண்டு கணக்கிடுதல் பிழை. நடைமுறையிலுள்ள கட்டண விகிதப்படி 80 அலகுக்கும் 116 அலகுக்கும் தனித்தனியே பட்டியல் போட்டு, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தையே உறைபெட்டியின் செலவாகக் கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, திருத்தச் செலவும் பொதி உறைகளின் செலவும்.

இரு குடும்பங்களின் கணக்கு

கணக்கை விளக்குதற்பொருட்டு, பெட்டியின் விலை 120,000 ரூபா எனவும், கூடுதலாகச் சேரும் மின்னலகு ஒன்றின் விலை 40 ரூபா எனவும், ஒரு நாட் செலவு 1.2 அலகு எனவும் வைத்துக்கொள்வோம். விலைகள் காலத்துக்குக் காலம் மாறுமாதலின், வாசகர் தமது ஊரில் அன்றுள்ள விலைகளை இவ்விடத்தில் இட்டுக் கணக்கிடுதல் வேண்டும்.

தேய்மானம் ஆண்டுக்கு: 12,000 ரூபா
மின்சாரம், 438 அலகு: 17,520 ரூபா
திருத்தமும் பொதி உறைகளும்: 2,480 ரூபா
மொத்த ஆண்டுச் செலவு: 32,000 ரூபா

இனி, ஐந்து பேர் கொண்ட இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது குடும்பம் சந்தைக்கு அருகில் வாழ்கின்றது. வாரத்தில் இரு முறை மீன் வாங்குகின்றது. வீட்டுத்தோட்டமும் ஒரு மாமரமும் உண்டு. உறைபெட்டி வந்தால், வாரத்துக்கு ஒரு கிலோகிராம் மரக்கறி வீணாகாமற் காக்கப்படும். கிலோ 150 ரூபா வீதம் ஆண்டில் 7,800 ரூபா. மலிந்த நாளில் மாதம் 2 கிலோ மீன் வாங்கி வைப்பதால், கிலோவுக்கு 300 ரூபா வீதம் 7,200 ரூபா மிச்சமாகும். 20 கிலோ மாம்பழச் சதையினால் 2,000 ரூபா. ஆக, ஆண்டு நன்மை 17,000 ரூபா. செலவு 32,000 ரூபா. இக்குடும்பம் ஆண்டுதோறும் 15,000 ரூபா இழக்கும். மின்சாரம் பாதி விலைக்குக் கிடைத்தாலுங்கூட இக்குடும்பத்துக்கு நட்டமே.

இரண்டாவது குடும்பம் கரையோரக் கிராமத்தில் வாழ்கின்றது. இறைச்சிக் கோழி வளர்க்கின்றது. பலாமரமும் மாமரங்களும் உண்டு. தோணி கரை சேரும் இடத்தில் மாதம் 6 கிலோ மீன் வாங்கி வைப்பதால், கிலோவுக்கு 350 ரூபா வீதம் ஆண்டில் 25,200 ரூபா மிச்சமாகும். இறைச்சிக் கோழி ஐந்து, ஆறு வாரங்களில் விற்கும் நிறையை அடைந்துவிடும். அதன்பின் அதை வைத்திருந்தால், உண்ணும் தீனிக்கேற்ப நிறை கூடுவதில்லை. ஆதலால், வீட்டுத் தேவைக்கான 36 கோழிகளை உரிய நாளிலேயே அறுத்து வைத்துக்கொள்வதனால், கடையில் இறைச்சி வாங்குவதோடு ஒப்பிடக் கோழிக்கு 450 ரூபா வீதம் 16,200 ரூபா மிச்சமாகும். பலாவும் மாம்பழமும் 60 கிலோ காக்கப்படுவதால் 6,000 ரூபா. ஆக, ஆண்டு நன்மை 47,400 ரூபா. செலவு போக 15,400 ரூபா மிஞ்சும்.

இரு வீடுகளிலும் பெட்டி ஒன்றே, ஆண்டுச் செலவும் ஒன்றே. முதலாவது வீட்டில் ஆண்டுக்கு 96 கிலோகிராம் பண்டம் பெட்டி வழியாகச் செல்வதால், கிலோ ஒன்றுக்கு 333 ரூபா காவற்கூலி விழுகின்றது. இரண்டாவது வீட்டில் ஏறக்குறைய 186 கிலோகிராம் செல்வதால், அக்கூலி 172 ரூபாவாகக் குறைகின்றது.

தவணைக்கு வாங்குவோர் கவனத்துக்கு

இரண்டாவது குடும்பம் அப்பெட்டியை மாதம் 6,300 ரூபா வீதம் 24 தவணைகளில் வாங்குவதாகக் கொள்வோம். மொத்தம் 151,200 ரூபா செலுத்த வேண்டும். அதாவது வட்டி 31,200 ரூபா. இதைப் பத்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 3,120 ரூபா. மிச்சம் 15,400 ரூபாவிலிருந்து 12,280 ரூபாவாகக் குறையினும், கணக்கில் இலாபமே காணப்படும்.

ஆயினும், முதல் இரண்டு ஆண்டுகளின் நிலையைப் பார்த்தல் வேண்டும். மாதந்தோறும் தவணை 6,300 ரூபாவும் மின்சாரம் 1,460 ரூபாவுமாக 7,760 ரூபா கையிலிருந்து செல்லும். பெட்டியினால் மிச்சமாவதோ மாதத்துக்கு 3,950 ரூபா. எஞ்சிய 3,810 ரூபாவை வேறு வருவாயிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அத்தொகைக்கு வழியில்லாத குடும்பம், பசளை வாங்கவும் விதை வாங்கவும் வைத்த பணத்தை எடுக்க நேரும். பத்தாண்டுக் கணக்கில் இலாபம் தரும் பெட்டியும், ஒரு போகத்தைக் கெடுத்துவிட்டால் நட்டமே. இத்தகைய குடும்பம் சிறுகச் சிறுகச் சேமித்து, முழு விலையையும் கொடுத்து வாங்குவதே நன்று.

வாங்குமுன் செய்யக்கூடிய பரீட்சை

ஒரு கொப்பியை எடுத்து, மூன்று மாதங்களுக்குப் பின்வருவனவற்றைக் குறித்து வருதல் வேண்டும்: வீட்டில் எறியப்பட்ட பண்டம் எது, எத்தனை கிலோ, மலிவாகக் கிடைத்தும் வைக்க இடமின்மையால் வாங்காது விட்டது எது, அதே பண்டத்தைப் பின்னர் என்ன விலைக்கு வாங்க நேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடாயின், அதன் மேலறையிலுள்ள உறையறை முழுவதையும் அக்காலத்திற் பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும். ஐஸ் கட்டியும் ஐஸ்கிறீமும் நிறைந்துள்ள அறையைக் காட்டி இடம் போதாது என்று கூறுதல் பொருந்தாது.

உலர்த்தியும் உப்பிட்டும் வைக்கக்கூடியவற்றைக் கணக்கிலிருந்து நீக்குதல் வேண்டும். மிளகாய், பாகற்காய் வற்றல், மோர்மிளகாய், கருவாடு, பனாட்டு, ஒடியல், ஊறுகாய் ஆகியவற்றுக்கு மாதாந்தச் செலவு எதுவும் இல்லை; மின்தடையினால் அவை கெடுவதுமில்லை. வெயில் செய்யக்கூடிய வேலையை மின்சாரத்திடம் கொடுத்தல் வீண். உறைபெட்டிக்கு உரியவை பச்சைத்தன்மை மாறாமல் உண்ண விரும்பும் மீன், இறைச்சி, இறால், பலா, பழச்சதை போன்றவையே.

மூன்று மாதக் குறிப்பிற் கண்ட மிச்சத்தை நான்கினாற் பெருக்கினால், ஆண்டு நன்மை ஏறக்குறையத் தெரியவரும். அது ஆண்டுச் செலவிலும் குறைவாயின், பெட்டி வேண்டாம். சற்றே கூடுதலாயின், அயலவர் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பெட்டியைப் பங்கிட்டு வாங்குவது பற்றிச் சிந்திக்கலாம். அப்போது மின்செலவைப் பங்கிடும் முறையை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் பின்னர் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

பெட்டியைத் தெரிவு செய்தல்

மேலே திறக்கும் பெட்டி, முன்னே திறக்கும் அலுமாரியிலும் சிக்கனமானது. குளிர்ந்த காற்றுப் பாரமானது. மூடியை மேலே திறக்கும்போது அது உள்ளேயே தங்கிவிடும். முன்கதவு திறக்கும்போதோ, அது வெளியே வழிந்தோடும். மேலே திறக்கும் பெட்டியின் குறை யாதெனில், அடியிலுள்ள பண்டம் கண்ணிற் படாமல் மறக்கப்படுவதாகும்.

100 லீற்றர் இடத்தில் ஒழுங்காக அடுக்கினால் ஏறக்குறைய 50 கிலோகிராம் பண்டம் வைக்கலாம். மேற்கூறிய இரண்டாவது குடும்பத்துக்கு 150 முதல் 200 லீற்றர் போதும். சிறிது பணம் கூடக் கொடுத்தாற் பெரிய பெட்டி கிடைக்கும் என்று விற்பவர் கூறினும், வெறும் இடத்தைக் குளிரச் செய்வதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறத்தலாகாது. பழைய பெட்டியை மலிவாக வாங்க நினைப்போர், அதை ஒரு நாள் ஓடவிட்டு, மின்மானியினால் அளந்து பார்த்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஓர் அலகு கூடுதலாக உண்ணும் பெட்டி, மேற்கூறிய விலைப்படி ஆண்டுக்கு 14,600 ரூபா கூடுதலாகக் கேட்கும்.

வைக்கும் இடமும் பாதுகாப்பும்

வெயில் படாத, காற்றோட்டமுள்ள, சமமான தரையிற் பெட்டியை வைத்தல் வேண்டும். அடுப்பங்கரையும் தகரக் கூரையிட்ட விறாந்தையும் ஏற்றவையல்ல. சுவருக்கும் பெட்டிக்குமிடையே 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி விடுதல் வேண்டும். நிலத்தொடுப்புள்ள தனிச் செருகியில் நேரே தொடுத்தல் அவசியம். நீட்டிப்புக் கம்பியிற் பல பொருள்களோடு சேர்த்துத் தொடுத்தலாகாது. மின்னழுத்தம் குறைந்தும் கூடியும் வரும் கிராமங்களில் மின்னழுத்தக் காப்புக் கருவி பொருத்துவது, கொம்பிரசர் எரிந்துபோவதைத் தடுக்கும்.

பெட்டியின் உட்சுவரிற் படியும் பனி அரை சென்ரிமீற்றர் தடிப்பானதும் மின்சாரத்தை நிறுத்தி அதை உருகவிடல் வேண்டும். கத்தியாலோ அலவாங்காலோ பனியைக் கொத்துதல் கூடாது. குழாய் துளைபட்டாற் பெட்டி பயனற்றுப் போகும். புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றக்கூடியது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற் பெட்டியைப் பூட்டி வைத்தல் வேண்டும். பழுதாகி ஒதுக்கப்பட்ட பெட்டியின் மூடியைக் கழற்றிவிடல் வேண்டும். விளையாட்டாக உள்ளே ஒளியும் பிள்ளை, மூடி விழுந்தால் மூச்சடைத்து இறக்க நேரிடும்.

பண்டங்களைத் தயார் செய்தல்

மீன்: கரையில் வாங்கிய மீனை வீடு சேரும்வரை ஐஸிலேயே வைத்தல் வேண்டும். மீனுக்குச் சரிநிறை ஐஸ் நல்ல அளவாகும். சூரை, கும்பளா போன்ற மீன்களை வெப்பத்தில் விட்டுவைத்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு உண்டாகும். முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வாந்தி ஆகியன அதனால் ஏற்படும். சமைத்தாலும் உறையவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. மீனின் குடலையும் செவுளையும் நீக்கி, கழுவி, நீரை வடியவிட்டு, ஒரு வேளைக் கறிக்குப் போதுமான அளவாகப் பொதி செய்தல் வேண்டும்.

மரக்கறி: போஞ்சி, பயற்றங்காய், கரட், கீரை போன்றவற்றைப் பச்சையாக உறையவைத்தால், அவற்றிலுள்ள நொதியங்கள் நிறத்தையும் சுவையையும் மெல்லக் கெடுக்கும். ஆகவே, அரைக் கிலோ மரக்கறிக்கு 4 லீற்றர் வீதம் கொதிநீரில், போஞ்சியையும் பயற்றங்காயையும் 3 நிமிடமும், கரட் துண்டுகளையும் கீரையையும் 2 நிமிடமும் அமிழ்த்தி, உடனே குளிர்நீரிற் போட்டு ஆறவிட்டு, ஈரம் வடித்துப் பொதி செய்தல் வேண்டும்.

ஏனையவை: தேங்காய்ப்பூ, மாம்பழச் சதை, கொட்டை நீக்கிய பலாச்சுளை, அவித்த மரவள்ளி ஆகியன நன்றாகத் தாங்கும். வெள்ளரிக்காய், சலாது, கோதுடன் கூடிய முட்டை, தயிர், உருளைக்கிழங்குக் கறி ஆகியவை உறைபெட்டிக்கு ஏற்றவையல்ல.

பொதிகள் தட்டையாக இருத்தல் வேண்டும். தட்டைப் பொதி விரைவில் உறையும், விரைவில் உருகும், அடுக்கவும் எளிது. தடித்த பொலித்தீன் உறையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டாவிடின், பண்டத்தின் மேற்பரப்பு வறண்டு வெளிறிவிடும். சூடான உணவை ஆறவைத்தே உள்ளே வைத்தல் வேண்டும். 200 லீற்றர்ப் பெட்டியில் ஒரே நாளில் 6 முதல் 10 கிலோகிராமுக்கு மேற் புதிதாகச் சேர்த்தால், உறைதல் தாமதப்படும். முன்னர் உறைந்தவையும் இளகும்.

எவ்வளவு காலம் வைக்கலாம்?

பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகையிற் பின்வரும் காலம்வரை சுவை குன்றாதிருக்கும்.

சாளை, கும்பளா, சூரை முதலிய கொழுப்புள்ள மீன்: 2 முதல் 3 மாதம்
விளைமீன் போன்ற கொழுப்புக் குறைந்த மீன்: 4 முதல் 6 மாதம்
முழுக் கோழி: 12 மாதம், வெட்டிய கோழி: 9 மாதம்
அரைத்த இறைச்சி: 3 முதல் 4 மாதம்
கொதிநீரிலிட்டெடுத்த மரக்கறி: 8 முதல் 12 மாதம்

இவை எல்லைகளேயன்றி இலக்குகளல்ல. முன்னர்க் காட்டியபடி, வைக்கும் நாள் நீள நீளக் காவற்கூலி ஏறும். ஒவ்வொரு பொதியிலும் பண்டத்தின் பெயரையும் வைத்த நாளையும் எழுதி, பெட்டிக்கருகே ஒரு கொப்பியைத் தொங்கவிடல் வேண்டும். வைக்கும்போது எழுதி, எடுக்கும்போது வெட்டிவிட்டால், அடியிலுள்ளது மறக்கப்படாது. பழையதை முன்னர் எடுத்தல் ஒழுங்காகும்.

மின்சாரம் நின்றால்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டதை நாட்டு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020ஆம் ஆண்டு ஓகத்து 17ஆந் திகதியும், 2025ஆம் ஆண்டு பெப்புருவரி 9ஆந் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. ஆகவே, உறைபெட்டி வைத்திருப்போர் இதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

நிறைந்த பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்த பெட்டி 24 மணி நேரமும் உறைநிலையைக் காக்கும். வெப்பம் மிகுந்த அறையில் இக்காலம் சற்றுக் குறையும். பெட்டியில் வெற்றிடம் இருப்பின், போத்தல்களில் முக்காற் பங்கு நீர் நிரப்பி உறையவைத்து அவ்விடத்தை நிரப்பினால், மின்தடையின்போது அவை பெருந்துணை புரியும். மின்சாரம் நின்றதும் செருகியைக் கழற்றி, மீண்டும் வந்து நிலைபெற்ற பின் சில நிமிடம் பொறுத்துத் தொடுத்தல் வேண்டும்.

வீட்டில் இல்லாத வேளையில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு கோப்பை நீரைப் பெட்டியில் உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தாற் பண்டம் பழுதின்றியுள்ளது. அடியில் இறங்கி உறைந்திருந்தால், பண்டம் முற்றாக உருகி மீண்டும் உறைந்தது எனத் தெளியலாம். அத்தகைய மீனையும் இறைச்சியையும் உண்ணலாகாது. பனிப்பளிங்கு இன்னும் எஞ்சியுள்ள பண்டத்தை உடனே சமைக்கலாம், அல்லது மீண்டும் உறையவைக்கலாம். பின்னதிற் சுவை சற்றுக் குறையும்.

முடிவு

மலிந்த காலமும் அரிதான காலமும் மாறிமாறி வரும் இடத்தில், பண்டத்தைக் கிரமமாக உள்ளே வைத்து, கிரமமாக எடுத்து உண்ணும் குடும்பத்துக்கு உறைபெட்டி நல்ல ஊழியன். சந்தை அருகிலிருந்து, வாரந்தோறும் புதிய பண்டம் வாங்கும் குடும்பத்துக்கு அது வீட்டின் மூலையில் நின்று வாடகை வாங்கும் பெட்டியே. இரண்டில் எது தமது வீடு என்பதை அயலவர் வாங்கியதைப் பார்த்துத் தீர்மானித்தலாகாது. மூன்று மாதக் குறிப்புக் கொப்பியைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். அக்கொப்பியை அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது கமநல சேவை நிலையத்தில் காட்டினால், உலர்த்திக் காக்கக்கூடியவை எவை, உறையவைக்க வேண்டியவை எவை என்பதைப் பிரித்தறிய உதவி பெறலாம். கொப்பியின் விலை சில ரூபாவே. அது காட்டும் வழியில் நடந்தால், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பணம் வீட்டிலேயே தங்கும். அல்லது செலவிடப்படினும், உரிய பயனைத் தரும்.